பாலத்தைப் பூட்டியது நான்தான்

பாலத்தைப் பூட்டியது நான்தான். காலையில் மேற்பார்வையாளர் வேலைகளைப் பிரித்துத் தந்தபோது அது என் பங்குக்கு வந்தது. எந்தப் பாலம் என்று பார்த்தேன். எங்கள் பாலம். வேலிகளை வேலைக்குத் தந்த வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன்.

நான் ஒஸ்லோவில் வீதிப் பராமரிப்பு வேலை செய்கிறேன். பனி தள்ளுவது, ஆட்கள் வழுக்காமல் இருக்கச் சரளை தூவுவது, குழி அடைப்பது. அதற்கு முன் வடக்கே பாட்ஸ்பியோர்ட்டில் மீன் வெட்டினேன். படிப்பு அதிகம் இல்லை. சொன்ன வேலையைச் செய்வேன்.

அது நடைபாலம். பியோர்ண்டாலில் எங்கள் அடுக்குமாடிகள் ஒரு பக்கம். கீழே பெரிய வீதி. மற்றப் பக்கம் முதியோர் இல்லம். அங்கே சமையலறையில் என் மனைவிக்கு வேலை. பாலத்தால் போனால் தேநீர் ஆறுவதற்குள் போய்விடலாம். பாலம் இல்லையென்றால் பற்றைகளுக்குள்ளால் போகும் இறக்கத்தில் இறங்கி, வீதிக்கு அடியால் போய், மறுபடி ஏற வேண்டும். மனைவிக்கு ஒரு பக்க இடுப்பில் ஒப்பரேசன் செய்தது. ஊன்றுகோலோடுதான் நடப்பாள். முதல் பஸ் அவளுடைய வேலை தொடங்கிய பிறகுதான் வரும். எனக்கு அதற்கும் முன்னமே வேலை.

வீட்டுப் பக்கம் முதலில் பூட்டினேன். பிறகு சுற்றிப் போய் மற்றப் பக்கம் கம்பி வேலியை நிறுத்தி, சங்கிலி போட்டு, ஆமைப்பூட்டைக் கொளுவும்போது அவள் வேலை முடிந்து வந்தாள்.

"என்னப்பா இது?"

"பூட்டச் சொல்லியிட்டினம். பாலத்திலை இருந்து கொங்கிறீட் உடைஞ்சு கீழை கொட்டுது."

"எவ்வளவு காலத்துக்கு?"

"தெரியேல்லை."

"இண்டைக்கு மட்டும் விடுங்கோ. நாளையிலை இருந்து சுத்திப் போறன்."

"அங்காலையும் பூட்டியாச்சு."

"திறப்பு உங்கடை கையிலைதானே கிடக்கு."

பூட்டின் திறப்பு கையில்தான் இருந்தது. காற்சட்டைப் பைக்குள் போட்டேன்.

"வானிலை ஏறும். கொண்டுபோய் விடுறன்."

"வேலை வானிலை மனுசியை ஏத்தலாமோ?"

ஏற்றக் கூடாது. அவளுக்கும் அது தெரியும்.

"பூட்டுக்கு ஒரு சட்டம், வானுக்கு ஒரு சட்டமோ," என்றாள். திரும்பி இறக்கத்தை நோக்கி நடந்தாள். ஊன்றுகோல் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. நான் சங்கிலியை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தேன்.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வேலை முடிந்து வந்தால் சப்பாத்தைக் கழற்ற மனம் வராது. பாலத்தடிக்குப் போவேன். பூட்டைத் தொட்டுப் பார்ப்பேன். திரும்பி வருவேன். அது இலையுதிர்காலம். இறக்கத்தில் இலை ஊறிக் கிடந்தது. இன்னும் கொஞ்சக் காலத்தில் உறையும். அதுதான் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மகள் வந்தாள். நகரத்து வீதிகளைப் பார்க்கும் அலுவலகத்தில் அவளுக்கு வேலை. அங்கே என்ன செய்கிறாள் என்று அதுவரை நான் சரியாகக் கேட்டதில்லை. அன்று கேட்டேன்.

"அங்கை ரெண்டு கூட்டம் இருக்கு அப்பா. ஒரு கூட்டம் இருக்கிற எல்லாத்தையும் பாக்கும். பாலம், மதில், வாய்க்கால், எது எவ்வளவு பழசு, எது எப்ப உடையும், எதை எப்ப திருத்தினால் கனகாலம் கிடக்கும் எண்டு. மற்றக் கூட்டம் வாற நாலு வருசத்திலை எந்த வேலையை எப்ப செய்யிறது எண்டு எழுதும்."

"ரெண்டும் ஒண்டுதானே?"

"ஒண்டாய் இருக்க வேணும். ஆனால் அவை ஒரு மாடி, இவை ஒரு மாடி. இவை எழுதேக்கை அவையின்ரை கணக்கைப் பாக்கிறது குறைவு. ஆர் கூடச் சத்தம் போட்டினமோ அவையின்ரை வேலை முன்னுக்கு வந்திடும். ரெண்டையும் சேக்கிறதுக்குத்தான் என்னை எடுத்தவை."

எனக்கு விளங்கியது. வைத்தியர் மருந்து எழுதி வைத்திருக்கிறார். மருந்துக்கடைக்காரர் அந்தத் துண்டைப் பார்க்காமலே மருந்து கட்டிக் கொடுக்கிறார். பாலத்துக்கு வருத்தம் என்று எங்கேயோ எழுதித்தான் இருந்திருக்கிறது. பூட்டுகிற வேலைக்குப் பணம் இருந்தது. திருத்துகிற வேலை நாலு வருசத்துக்குள் எங்கேயும் இல்லை.

"அப்ப எங்கடை பாலம்?" என்றாள் மனைவி.

மகள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"நான் அதிலை கதைக்கேலாது அம்மா."

"ஏன்?"

"நான் இன்ஹாபில், சட்டப்படி விலகி நிக்க வேண்டிய ஆள். அம்மா நடக்கிற பாலம் எண்டால் மகள் அதைப் பற்றி ஒண்டும் முடிவு செய்யக் கூடாது. எழுதிக் குடுத்திட்டன். அந்தக் கதை வரேக்கை நான் எழும்பி வெளியிலை போக வேணும்."

மனைவி சிரித்தாள்.

"இவ்வளவு படிப்பிச்சது வெளியிலை போய் நிக்கவோ பிள்ளை?"

"ஓம் அம்மா."

"அப்ப உள்ளுக்கை ஆர் சொல்லுறது?"

"மற்ற ஆக்கள் சொல்லுவினம். அவைக்கு முன்னாலை ரெண்டு கணக்கும் ஒண்டாய்க் கிடக்கும். அது மட்டும் நான் செய்யலாம். எல்லாப் பாலத்துக்கும்."

போகும்போது மகள் எனக்குக் கை காட்டவில்லை. மாடிப்படியில் நின்று தாயின் காலைப் பார்த்தாள். பிறகு போனாள்.

இந்தக் கதை எப்படியோ வெளியே போய்விட்டது. சனிக்கிழமை தமிழ்ப் பள்ளிக்கூட வாசலில் என் கூட்டாளி பிடித்துக்கொண்டான். பாட்ஸ்பியோர்ட்டில் ஒரே மேசையில் மீன் வெட்டியவன். இப்போது பஸ் ஓட்டுகிறான். பேரப்பிள்ளையைக் கூட்டிப்போக வந்திருந்தான்.

"மச்சான், உன்ரை பிள்ளை உள்ளுக்கை இருக்கு. பாலம் பூட்டிக் கிடக்கு. இது என்ன கூத்து?"

"அவள் அதிலை கதைக்கேலாதாம்."

"கதைக்க வேண்டாம். காதுக்கை போடச் சொல்லு."

"அதுவும் கூடாதாம்."

"அப்ப உள்ளுக்கை ஆளில்லாதவனுக்குத்தான் இஞ்சை பாலம் கட்டுவாங்களோ? பேசாமல் பிள்ளையை வேலையை விடச் சொல்லு. பாலம் வந்திடும்."

நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். திரும்பி வரும் வழியில் சிரிப்பு வரவில்லை. ஒரு நாள் எனக்கும் அந்த எண்ணம் வந்ததுதான். மகளுக்குத் தொலைபேசி எடுத்து, ஒரு சொல் சொல்லிப் பார் என்று கேட்க. எண்ணை அழுத்தினேன். அவள் எடுத்ததும், சாப்பிட்டியோ என்று கேட்டுவிட்டு வைத்தேன்.

நாலு வருசப் பட்டியலை முடிவு செய்யும் கூட்டம் நடந்த நாள் பின்னேரம் மகளே தொலைபேசி எடுத்தாள். மனைவி சத்தத்தைக் கூட்டி மேசையில் வைத்தாள்.

"ரெண்டாம் வருசம் அம்மா. பட்டியலிலை வந்திட்டுது."

"முதலாம் வருசம்?"

"அது ரொம்சோஸ் பக்கம். பள்ளிக்கூடத்துப் பிள்ளையள் போற பாலம். அதுக்கு வேறை வழியே இல்லை."

"நீ உள்ளுக்கை நிண்டனியோ?"

"இல்லை. கோப்பி மெசினடியிலை நிண்டனான். கதவு பூட்டியிருந்தது."

"சரி பிள்ளை," என்றாள் மனைவி. "பிள்ளையளின்ரை பாலம் எண்டால் சரி." போனை வைத்துவிட்டு ஊன்றுகோலின் அடியைப் பார்த்தாள். பனிக்குப் போடும் இரும்பு முள் அதில் மடங்கிக் கிடந்தது. அதை விரித்துப் பூட்டினாள். "ரெண்டு பனிக்காலம்," என்றாள்.

பனி விழுந்தது. விடிவதற்கு முன்னமே வண்டியோடு வீதிக்குப் போய்விட்டேன். மத்தியானம் வேலை முடிந்து பாலத்தடிக்கு வந்தேன். பூட்டு சரியாக இருந்தது. வேலிக்குள்ளால் பார்த்தேன்.

பாலத்தின் மேல் பனி புதிதாக, வெள்ளையாகக் கிடந்தது. அதில் ஒரு வரிசை அடி. போன அடி மட்டும். பக்கத்தில் ஒவ்வோர் அடிக்கும் ஒரு சின்னத் துளை.

பொடியன்கள் வேலியின் ஓரத்தை வளைத்து ஆள் நுழையும் அளவுக்கு இடைவெளி செய்வதுண்டு. நான் கம்பியால் கட்டுவேன், அவர்கள் அவிழ்ப்பார்கள். பொடியன்கள் ஊன்றுகோலோடு போவதில்லை.

அந்தப் பாலத்தின் கீழ்ப்பக்கத்தை நான் பார்த்திருக்கிறேன். வீதியில் விழுந்த கொங்கிறீட் துண்டுகளைக் கூட்டி அள்ளியதும் நான்தான். உள்ளே இருந்த இரும்பு இலை இலையாக உரிந்து நின்றது. பொறியியலாளர் சுத்தியலால் தட்டிப் பார்த்துவிட்டு, ஆள் நடந்தால் தாங்கலாம், தாங்காமலும் போகலாம், நான் பொறுப்பெடுக்க மாட்டேன் என்றார்.

சுற்றி மற்றப் பக்கம் போய் வேலியடியில் நின்றேன். கால் விறைத்தது. நடந்தேன். மறுபடி நின்றேன். அவள் வேலை முடிந்து வந்தாள். இறக்கத்தின் பக்கம் திரும்பவே இல்லை. நேரே இடைவெளிக்கு வந்தாள். அப்போதுதான் என்னைக் கண்டாள்.

"நீர் இதாலையோ போறனீர்?"

"ஓம்."

"எத்தினை நாளாய்?"

"உறைஞ்ச நாளிலை இருந்து."

"பூட்டினது உமக்குத் தெரியாதோ?"

"பூட்டினவரோடைதானே குடும்பம் நடத்திறன்." ஊன்றுகோலால் பாலத்தைக் காட்டி, "நடுவாலை போறேல்லை. ஓரமாய்த்தான் போறனான்," என்றாள்.

"ஓரந்தான் உக்கினது."

அவள் கையுறையைப் பார்த்தாள். முகம் மாறியது. கீழே கார்கள் போய்க்கொண்டிருந்தன.

"அந்த இறக்கத்திலை ஒருக்கால் விழுந்தனான்," என்றாள். "உங்களுக்குச் சொல்லேல்லை."

"ஏன்?"

"சொன்னால் வேலையை விடச் சொல்லுவியள். நான் விடமாட்டன். வீட்டிலை இருந்தால் இந்த இடுப்பு கட்டிலோடை ஒட்டியிடும்."

"விடச் சொல்லமாட்டன்."

"சத்தியமாய்?"

"ஓம். நீர் இதாலை போகக் கூடாது."

அவள் தலையை ஆட்டினாள். இரண்டு பேரும் இறக்கத்தால் இறங்கினோம். அவள் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். வளைவில் நானும் சறுக்கினேன். "பாத்தியளே," என்றாள். அவளுக்கு அதில் ஒரு சந்தோசம்.

வீட்டில் விட்டுவிட்டுக் குறடும் தடித்த கம்பியும் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தேன். இரண்டு பக்க இடைவெளியையும் கட்டினேன். இந்த முறை பொடியன்களால் அவிழ்க்க முடியாது.

அன்று இரவு படுத்தபடி யோசித்தேன். சரளை வண்டி ஓட்டுவது நான். எந்த வீதி முதல், எது பிறகு என்று ஒழுங்கு இருக்கிறது. பஸ் போகும் வழி, வைத்தியசாலை, பள்ளிக்கூடம். அந்த இறக்கம் மிகவும் பின்னுக்கு. நான் ஸ்டியரிங்கை ஒரு பக்கம் திருப்பினால் போதும், அது முதலில் வந்துவிடும். யாரும் கேட்க மாட்டார்கள். கோப்பி மெசினடியில் நின்ற மகளை நினைத்தேன். திருப்பக் கூடாது என்று முடிவு செய்தேன்.

இறக்கத்தின் மேல் முனையில் ஒரு பச்சைப் பெட்டி இருக்கிறது. ஊர்ச் சனம் யாரும் எடுத்துத் தூவலாம் என்று வைத்த சரளை. அடுத்த நாள் நேரத்தோடு எழும்பினேன். குளியலறையில் இருந்த வாளியை எடுத்துக்கொண்டு போனேன். பெட்டியின் மூடி உறைந்திருந்தது. காலால் உதைத்துத் திறந்தேன். மேலிருந்து கீழே, அடிப்பாதை முழுவதும், மற்றப் பக்கத்து ஏற்றத்திலும் தூவினேன். வண்டியால் தூவுவதற்கும் கையால் தூவுவதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று தோள் சொன்னது. பிறகு வேலைக்குப் போனேன்.

மத்தியானம் வந்து பார்த்தேன். பாலத்தின் மேல் பனி வெள்ளையாக இருந்தது, ஓர் அடி இல்லை. இறக்கத்தில் சரளைக்கு நடுவே சின்னச் சின்னத் துளைகள் கீழே வரைக்கும் போயிருந்தன.

பின்னேரம் தேநீர் தந்தாள்.

"வளைவிலை சரளை காணாது," என்றாள்.

அடுத்த நாள் வளைவில் இன்னொரு வாளி போட்டேன்.