தையல் டீச்சர் பிரித்த கதைப்புத்தகம்

பழனியம்மாள் டீச்சர் இறந்த செய்தி வந்தபோது நான் பத்தாம் வகுப்பில் அமிலமும் காரமும் நடத்திக்கொண்டிருந்தேன். அலுவலக உதவியாளர் வாசலில் நின்று, "சார், நம்ம தையல் டீச்சர் தவறிட்டாங்களாமுங்க" என்றார். அதற்குப் பிறகு கரும்பலகையில் என்ன எழுதினேன் என்று நினைவில்லை. அவரோடு பணியாற்றிய உங்களுக்கெல்லாம் அவர் பூ வேலை செய்து கொடுத்த கைக்குட்டைகள்தான் ஞாபகத்துக்கு வரும். எனக்கு வருவது ஒரு சண்டை.

அறிவியலோடு நூலகப் பொறுப்பும் என் தலையில்தான் இருந்தது. ஏழு வருடங்களுக்கு முன், ஒரு ஏப்ரல் மாதம், நூலக அறைக்குள் நுழைந்தால் டீச்சர் தரையில் உட்கார்ந்து என் கதைப்புத்தகங்களின் தையலைப் பிளேடால் அறுத்துக்கொண்டிருக்கிறார். ஒவ்வொன்றும் நான்கு துண்டு. நான் கத்தினேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஏனுங்க சார், பிரிக்கத் தெரிஞ்ச எனக்குத் தைக்கத் தெரியாதுங்களா?"

காரணம் உங்களுக்கும் தெரிந்ததுதான். ஒன்பதாம் வகுப்பு முடிந்த கையோடு பிள்ளைகள் பனியன் கம்பெனிக்குப் பிசிறு நூல் வெட்டப் போவார்கள். லீவுக்கு மட்டும் என்று போகிறவர்களில் சிலர் ஜூனில் திரும்புவதே இல்லை. அவர்களுக்காகத்தான் டீச்சர் கோடை வாசிப்பு என்று ஒன்றைத் தொடங்கினார். சாப்பாட்டுப் பையில் அடங்குகிற மாதிரி ஒரு துண்டு. ஞாயிற்றுக்கிழமை அனுப்பர்பாளையத்தில் அவர் வீட்டுக்குப் போய் அதைத் திருப்பித் தந்து அடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டும். நான்காவது மட்டும் பள்ளிக்கூட பீரோவில். "முடிவு தெரியோணும்னா வந்துதானுங்க ஆகோணும்" என்றார்.

ஜூனில் பள்ளி திறந்ததும் மற்றப் பிள்ளைகள் எல்லாரும் வந்தார்கள். மாரிச்செல்வி வரவில்லை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம் அவளுடையது. வெள்ளத்தில் போன தம்பியைத் தேடி ஆற்றோரமாகவே நடக்கும் அக்காவின் கதையை அவள் மூன்று துண்டு படித்துத் திருப்பித் தந்திருந்தாள். வெள்ளிக்கிழமைக்குள் வராவிட்டால் பெயரை நீக்கிவிடுவதாகத் தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். வியாழன் மதியம் நான்காவது துண்டைக் கைப்பையில் வைத்துக்கொண்டு டீச்சர் கம்பெனிக்குக் கிளம்பினார். மனசு கேட்காமல் நானும் கூடப் போனேன்.

வாட்ச்மேன் கேட்டைத் திறக்கவில்லை. அங்கேயே கட்டிங் மாஸ்டராக இருந்த அவள் அப்பா வந்தார். "இந்த வருசம் முடியாது டீச்சர். புஸ்தகத்தத் தாங்க, நான் குடுத்துருதேன்" என்று கம்பிகளுக்கிடையே கையை நீட்டினார். அவருக்குப் பின்னால், டீ நேரத்துக் கும்பலில், தலையெல்லாம் பஞ்சோடு மாரிச்செல்வி நின்றாள்.

"டீச்சர், தம்பி கெடச்சானா?"

கொடுத்துத் தொலையுங்களேன் என்று முணுமுணுத்தேன். டீச்சர் கைப்பையை இறுக்கிக்கொண்டார். "நாளைக்குப் பள்ளிக்கூடம் வா கண்ணு, சொல்றேன்." மணி அடித்தது. பிறகு அப்பா கையை இழுத்துக்கொண்டு திரும்பி நடந்தார். அவளும் போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை கடைசி மணி வரைக்கும் டீச்சர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். மாரிச்செல்வி வரவேயில்லை. பல மாதம் கழித்து, ஓய்வு பெற்ற நாளில், அந்த நான்காவது துண்டை என் கையில் திணித்தார். "பிடிவாதம் புடிச்சுட்டனுங்க சார். அவ எப்பக் கேட்டாலும், எங்க கேட்டாலும் குடுத்துருங்க. பள்ளிக்கூடம் வான்னு மட்டும் சொல்லிராதீங்க."

துக்க வீட்டில் ஒரு பெண் என் பக்கத்தில் வந்து நின்றாள். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை. பெயரைப் படித்துத்தான் மாரிச்செல்வி என்று தெரிந்துகொண்டேன். "டீச்சர் அன்னைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா சார்" என்றாள். "எனக்குக் கோவம் வந்துச்சு. இன்னும் இருக்கு." அழுதுகொண்டேதான் சொன்னாள். ஸ்கூட்டரில் பள்ளிக்குப் போய், பீரோவைத் திறந்து, துண்டைக் கொண்டுவந்து அவளிடம் கொடுத்தேன். அவள் அதைத் திறந்து பார்க்கவில்லை. சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு டீச்சரின் காலருகே போய் உட்கார்ந்தாள்.

மீதி மூன்று துண்டுகளும் என்னிடம் இருக்கின்றன. டீச்சருடையது என்று நான் வைத்துக்கொண்டிருப்பது அவ்வளவுதான். அவற்றைத் தைக்கப்போவதில்லை. நூலகப் பதிவேட்டில் அந்தப் புத்தகத்துக்கு நேரே, சண்டை போட்ட அன்றே, 'சேதம்' என்று எழுதியிருந்தேன். நேற்று அதை அடித்துவிட்டு எழுதினேன்: மாரிச்செல்வி, பத்தாம் வகுப்பு. திருப்பித் தர வேண்டியதில்லை.