நாற்றுக்கு நன்றி சொல்லக்கூடாது

மார்ச் பிறந்துவிட்டால் யாத்விகாவின் ஜன்னல்களில் திரையை இழுத்து மூட முடியாது. காலித் தயிர்க் கோப்பைகளில் தக்காளி நாற்று அடைத்துக்கொண்டு நிற்கும். கணவர் ரோமான் போய்ச் சேர்ந்து வெகுநாளாயிற்று. மகன் விட்டோல்டுக்கு நார்வேயில் வேலை, ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் குரல் கேட்பதோடு சரி. ஒரு வாய்க்கு எதற்கு இத்தனை செடி என்று எங்கள் தெருவே சிரிக்கும்.

மே நடுவில், கடைசிப் பனியோடு வரும் புனிதை குளிர் சோஃபியாவின் திருநாள் கழியும்வரை போலந்தில் யாரும் தக்காளியை மண்ணில் வைக்கமாட்டோம். அவசரப்பட்டால் பனி கருக்கிவிடும். திருநாளுக்கு மறுநாள் யாத்விகா கூடையோடு கிளம்புவார். வீடுவீடாக நின்று நாற்றுக் கொடுப்பார். வாங்குகிறவர்கள் "வளரட்டும்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வார்கள். நாற்றுக்கு நன்றி சொன்னால் அது பட்டுப்போகுமாம். பள்ளிச் சமையலறையில் சூப் ஊற்றி, கரண்டிக்கு ஒரு நன்றி கேட்டே பழகிய மனுஷி அவர். ஓய்வு பெற்றபின் அந்தச் சொல்லும் நின்றுபோனது.

நான் வார்சாவிலிருந்து பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த வருஷம் எனக்கும் ஒரு கோப்பை நீட்டினார். அடுக்குமாடியில் வளர்ந்த வாய் சும்மா இருக்குமா?

"ரொம்ப நன்றிங்க, பானி யாத்விகா!" என்றேன், எங்கள் வழக்கப்படி மரியாதைக்கு ஒரு 'பானி' சேர்த்து.

அவருக்கு முகமே வெளுத்துவிட்டது. "ஐயையோ, பானி ரெனாட்டா! பச்சப்புள்ள மாதிரி வளத்தேனே, ஒரே வார்த்தைல கொன்னுட்டீங்களே!"

மறுநாள் காலையிலேயே வேலியருகே வந்து நின்றார். "உசுரோட இருக்கா?"

அதற்கடுத்த நாளும் வந்தார். அப்புறம் தினமும். மண்ணைத் தொட்டுப் பார்ப்பார். "இதுக்குப் பேரு தண்ணி ஊத்துறதா? நீச்சல் கத்துக்குடுக்குற மாதிரியில்ல இருக்கு!" திட்டி முடித்ததும் என் சமையலறை மேஜையில் தேநீர். ரோமானின் குறட்டை, போலிஷ் பேசத் தெரியாத பேரன், எல்லாம் அந்த மேஜைக்கு வந்தன. உண்மையைச் சொன்னால் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. ஒரு செடிக்கு இத்தனை விசாரிப்பா?

ஜூன் கடைசியில் செடி பூத்தது. யாத்விகா பூவை வெகுநேரம் பார்த்தார்.

"பொழச்சிருச்சு," என்றார். "இனி ஒண்ணும் ஆகாது."

தேநீர்த் தம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனார். மறுநாள் வரவில்லை.

வேலிக்கு அப்பால் தலையசைப்பதோடு கோடை போயிற்று. குளிர்காலத்தில் அதுவும் இல்லை. மாலையில் அவர் வீட்டுத் தொலைக்காட்சியின் நீல வெளிச்சம் ஆளில்லாத சமையலறைச் சுவரில் ஆடுவது மட்டும் தெரியும். என் மேஜையிலும் ஒரு தம்ளர்தான். எனக்கு அது பிடிக்கவே இல்லை. போய்க் கதவைத் தட்டலாம்தான். ஆனால் வேலையில்லாமல் ஒருவர் கதவைத் தட்டும் வழக்கம் எங்கள் தெருவில் கிடையாது.

குளிர் சோஃபியா மறுபடி வந்து போனாள். யாத்விகா கூடையோடு என் வாசலில் நின்றார், இளைத்திருந்தார். கோப்பையை நீட்டிவிட்டு, நான் "வளரட்டும்" என்று சொல்லக் காத்திருந்தார்.

தெருமுனைவரை கேட்கும்படி சொன்னேன்: "நன்றி, பானி யாத்விகா! ரொம்ப ரொம்ப நன்றி!"

அவர் நாற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கூடையை மெல்லத் தரையில் வைத்தார்.

"வேல வெச்சிட்டீங்களே," என்றார். "இனிமே நான் தெனமும் வந்து பாக்கணும்."