யார்டு அண்ணாச்சியின் மறதி

யார்டு அண்ணாச்சியின் சட்டைப் பையில் எப்போதும் ஒரு சாக்பீஸ் கிடக்கும். அதை எடுக்க மறந்து வீட்டில் துவைத்துத் துவைத்து, நீலச் சீருடையின் நெஞ்சில் வெள்ளையாக ஒரு திட்டு நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. தொழிற்சாலைக்குப் பார்வையாளர்கள் வரும் நாட்களில் அந்தத் திட்டைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "வேற சட்டை போட்டுட்டு வரக்கூடாதா அண்ணாச்சி?" என்பேன். "கண்ணாடியத்தான மேடம் பாக்க வாராவ, என்னையவா?" என்று கேட்டுவிட்டு அவர்பாட்டுக்கு வேலையைப் பார்ப்பார்.

தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகும் சாலையில், சாகுபுரம் வருவதற்குச் சற்று முன்னால் இருந்தது அந்தத் தொழிற்சாலை. துறைமுகத்தில் கன்டெய்னரில் வந்திறங்கும் பெரிய கண்ணாடி ஷீட்டுகளை வெட்டி, ஓரம் தேய்த்து, சூளையில் பதப்படுத்திக் கட்டடங்களுக்கு அனுப்புவோம். நான் ஷிப்ட் இன்ஜினியர். அவர் ஷீட்டுகளை அடுக்கி வைக்கும் யார்டுக்குப் பொறுப்பாளர். நாசரேத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஒன்பது வருடங்களுக்கு முன் அங்கே நடந்த ஒரு விபத்தின் பழியை அவர் ஏற்றுக்கொண்டார். என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தாரா, இல்லை உண்மையிலேயே தவறு அவருடையதுதானா என்பது வெகுகாலம் எனக்குத் தெரியாமலே இருந்தது. இத்தனைக்கும் சம்பவம் நடந்தபோது அவருக்குப் பத்தடி தூரத்தில் நின்றவள் நான். எனக்கே தெரியவில்லை என்று சொன்னால் யாராவது நம்புவார்களா?

கண்ணாடியைப் படுக்கப் போட்டு அடுக்கினால் விரிசல் விட்டுவிடும். நிமிர்த்தி, லேசாகச் சாய்த்துத்தான் வைக்க வேண்டும். அதற்கென்று சக்கரம் வைத்த இரும்புச் சட்டம் உண்டு. வீட்டுக் கூரையின் முகடு மாதிரி இரண்டு பக்கமும் சரிந்திருக்கும். இரண்டு சரிவிலும் சம எண்ணிக்கையில் ஷீட்டுகள் சாய்ந்து நிற்கும். கடற்காற்றின் உப்பு ஈரம் புகுந்து கறை பிடிக்காமலிருக்க ஷீட்டுக்கு ஷீட் நடுவில் தாள் கொடுத்திருப்போம். எடுக்கும்போது வலதில் ஒன்று, இடதில் ஒன்று என்று மாற்றி மாற்றி எடுக்க வேண்டும். ஒரே பக்கமாக எடுத்துக்கொண்டே போனால், கனம் கூடிய பக்கத்துக்குச் சட்டமே கவிழ்ந்துவிடும். எந்தப் பக்கம் எத்தனை இருக்கிறது என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. ஓரத்தில் பச்சைக் கோடும் தாளுமாகத் தெரியும், எண்ணி முடிப்பதற்குள் கண் பூத்துப் போகும்.

ஆகவே அண்ணாச்சி ஒரு முறை வைத்திருந்தார். ஒவ்வொரு ஷீட்டைத் தூக்குவதற்கு முன்னாலும் "வலது!" என்றோ "இடது!" என்றோ சத்தம் கொடுப்பார். லோடுமேன்கள் நாலு பேரும் அதையே திருப்பிச் சொல்வார்கள். ஷீட் கிளம்பியதும் சட்டத்தின் காலில் அந்தப் பக்கத்துக்கு ஒரு சாக்பீஸ் கோடு விழும். சர்ச்சில் குருவானவர் சொல்ல சபையார் பதில் சொல்வது போல இருக்கிறது என்று நான் கேலி செய்வேன். "நீங்க சிரிங்க மேடம், கண்ணாடி சிரிக்காது" என்பார்.

அன்று ஒரு நகைக்கடைக்கு முகப்புக் கண்ணாடி அவசரமாகப் போக வேண்டியிருந்தது. பாதி எடுத்துக்கொண்டிருக்கும்போதே துறைமுகத்திலிருந்து வந்த கன்டெய்னர் லாரி கேட்டில் நின்று ஹாரன் அடித்தது. இறக்குவதற்கு இடம் காட்ட அண்ணாச்சிதான் போக வேண்டும். "இத நிறுத்தி வைக்கட்டா மேடம்?" என்று கேட்டார். "நீங்க போயிட்டு வாங்க, நான் பாத்துக்கிடுதேன்" என்றேன். பார்த்துக்கொண்ட லட்சணம் இதுதான்: கடைக்காரர் போனில் கத்த, நான் அவரிடம் கெஞ்சிக்கொண்டிருக்க, லோடுமேன்கள் தங்களுக்கு வசதியான பக்கத்திலிருந்து எடுத்துக்கொண்டே இருந்தார்கள். யாரும் சத்தம் கொடுக்கவில்லை, யாரும் கோடு போடவில்லை.

அண்ணாச்சி ஓட்டமும் நடையுமாகத் திரும்பி வந்தார். சட்டத்தின் காலைக் குனிந்து பார்த்தார். அவர் போகும்போது இருந்த கோடுகள்தான் இருந்தன. என் பக்கம் திரும்பி, "மேடம், எந்தப் பக்கம் எடுக்க?" என்று கேட்டார். அந்தக் கேள்வி அட்சரம் பிசகாமல் எனக்கு நினைவிருக்கிறது. நான் என்ன சொன்னேன் என்பதுதான் நினைவில்லை. வலது என்று சொன்னேனா? வெறுமனே கையை வீசினேனா? காதில் வாங்காதவள் மாதிரி போனிலேயே பேசிக்கொண்டிருந்தேனா? "வலது!" என்று அவர் சத்தம் கொடுத்தது மட்டும் கேட்டது.

ஷீட் எழும்பிய மறுகணம் சட்டம் இடப்பக்கமாகச் சரிந்தது. சரியும் கண்ணாடிக்குக் கை கொடுக்காதே, விட்டுவிட்டு ஓடு என்பது யார்டின் முதல் விதி. ஆனால் விழுகிற பொருளைப் பிடிக்கத்தானே கை போகும்? லோடுமேன் ஒருவர் இரண்டு கையையும் நீட்டித் தாங்கப் போனார். "ஏலே, விட்டுரு! விட்டுட்டு ஓடுலே!" என்று கத்திக்கொண்டே பாய்ந்து அவரைத் தள்ளிவிட்டார் அண்ணாச்சி. லோடுமேனுக்குச் சிறு கீறல்கூட இல்லை. அண்ணாச்சியின் வலது மணிக்கட்டு பிளந்துவிட்டது. யாரோ கொடுத்த துண்டை அதில் சுற்றிக் கட்டினேன்.

மூன்று வாரம் கழித்து விசாரணை. மேனேஜர் அறையில் நாங்கள் மூன்று பேர்தான். "யார் சொல்லி வலதுல எடுத்தீங்க?" என்று மேனேஜர் கேட்டார். அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் மேஜையைப் பார்த்தேன். அவர் என்னிடம் கேட்டார் என்ற ஒரு வரியைச் சொல்லியிருக்கலாம். வேலை போய்விடும் என்ற பயத்தில் நாக்கு எழவில்லை. "நாந்தான் சார். மறந்துட்டேன்" என்றார் அவர். சாட்சி என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். அவரை யார்டிலிருந்து தூக்கி, கேட்டில் வண்டி நம்பர் எழுதும் வேலையில் போட்டார்கள். நாலு மாதத்தில் அவரே வேலையை விட்டுப் போய்விட்டார்.

பிறகு நான் சென்னைப் பக்கம் வேறு தொழிற்சாலைக்கு மாறினேன். பல் தேய்க்கும்போது, பஸ்ஸில் சீட்டுக்காகக் காத்து நிற்கும்போது, அந்த அறை திடீரென்று முன்னால் வந்து நிற்கும். ஒரு நாள் அவரைத் தெய்வமாக நினைப்பேன். மறுநாள், இவரை யார் எனக்காகப் பொய் சொல்லச் சொன்னது என்று கோபம் வரும். அதற்கடுத்த நாள், அவர் பொய்யே சொல்லவில்லையோ, என் கையசைப்பைப் பார்க்காமல் அவராகவே முடிவெடுத்திருப்பாரோ என்று தோன்றும். அப்படித் தோன்றும் நாட்களில் கொஞ்சம் நிம்மதியாக இருக்கும். அந்த நிம்மதியை நினைத்தால் என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கும்.

போன ஆவணியில் ஆழ்வார்திருநகரியில் ஒரு கல்யாணம். அங்கிருந்து நாசரேத் எட்டிப் பிடிக்கும் தூரம்தான். விசாரித்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய்விட்டேன். தலை நரைத்திருந்தது, மற்றபடி அதே ஆள். காபி கொண்டுவந்த அவர் மனைவி, அவருடைய மாத்திரைப் பெட்டியைத் திறந்து எண்ணிப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

"எனக்கு மறதி மேடம்" என்றார் அண்ணாச்சி, ஊர் விஷயம் சொல்வதுபோல. "பைக் ஓட்டுறத விட்டு ஒம்பது வருசமாச்சு. கேஸ் அடுப்பக்கூட தொடுறதில்ல. டாக்டரு ஒண்ணுமில்லங்காரு. அவருக்கென்ன தெரியும்? நாலு பேரு உசுரு நிக்கிற எடத்துல பக்கத்த மறந்தவம்லா நான்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "என்னக் காப்பாத்தத்தான் அன்னைக்கு அப்படிச் சொன்னீங்கன்னு நெனச்சுக்கிட்டு இருக்கேன் அண்ணாச்சி" என்றேன்.

"ஒங்களையா? எதுக்கு?" அவரும் விழித்தார். "கேட்ல இருந்து ஓடி வந்தது ஞாபகம் இருக்கு. அப்புறம் ஆஸ்பத்திரிதான். நடுவுல உள்ளது ஒண்ணுமே இல்ல. மேனேஜர் கேக்கும்போது ஒங்களத்தான் பாத்தேன். நீங்க தலையக் குனிஞ்சுட்டிய. சரி, தப்பு நம்ம மேலதான், எரக்கப்பட்டுச் சொல்ல மாட்டங்காவன்னு எடுத்துக்கிட்டேன்."

பயந்துபோய் நான் வாயை மூடிக்கொண்டதை இரக்கம் என்று நம்பி, இந்த மனிதர் ஒன்பது வருடமாகத் தன் புத்தியையே நம்பாமல் உட்கார்ந்திருக்கிறார். என்ன பதில் சொன்னேன் என்று குழம்பியே காலத்தை ஓட்டிவிட்டேன். குழப்பமே இல்லாத ஒன்றை மட்டும் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்திருக்கிறேன்.

"அண்ணாச்சி, நான் என்ன சொன்னேன்னு எனக்குச் சத்தியமாத் தெரியல. ஆனா நீங்க கேட்டீங்க. கோடு கூடலன்னு குனிஞ்சு பாத்துட்டு, எந்தப் பக்கம் எடுக்கன்னு எங்கிட்டக் கேட்டீங்க. நான் அத அன்னைக்கே சொல்லியிருக்கணும்."

"கேட்டேனா?"

"கேட்டீங்க அண்ணாச்சி."

என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் நான் இருப்பதையே கவனிக்கவில்லை. நாற்காலியிலிருந்து எழுந்து வீட்டுக்குள் பார்த்து மனைவியைக் கூப்பிட்டார்.

"ஏளா, இங்கன வா. நான் மறக்கலளா. கேட்டிருக்கேன்."