டொரின் அக்காவும் பின்வளவுக் குதிரையும்

டொரின் அக்கா போய்விட்டார்.

இன்று காலை, ஆஸ்பத்திரியில். நெஞ்சு வருத்தம்... அவருடைய மகள் போன் எடுத்துச் சொன்னபோது கொழும்பில், வெள்ளவத்தையில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். அழுகை வரவில்லை. முதலில் வந்தது பயம். ஐயோ, இனி அந்தக் குதிரைக்கு யார் தண்ணீர் வைப்பது?

அக்காவைத் தெரிந்தவர்களுக்கு இது விளங்கும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்.

ஒரு ஷிப்பிங் ஒஃபிஸில் நானும் அவரும் பக்கத்துப் பக்கத்து மேசை. ரிட்டயர் ஆன பிறகும் கொட்டாஞ்சேனை வீட்டில் இருந்து எனக்குப் போன் எடுத்துக்கொண்டே இருப்பார்.

அவர் வீட்டுப் பின்மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு வெறும் வளவு. கலியாண வீடுகளுக்குக் கதிரை, கூடாரம், லைட் வாடகைக்கு விடும் ஒருவர் அதை எடுத்தார். ஒருநாள் கதிரைகளோடு ஒரு வெள்ளைக் குதிரையும் லொறியில் வந்து இறங்கியது. மாப்பிள்ளை ஏறி வருவதற்கு.

கதிரைகளுக்குத் தகரக் கூரை போட்டார். குதிரைக்குப் போடவில்லை.

அக்காவோ நாய்க்குட்டியைக் கண்டாலே கதிரையில் ஏறி நிற்கிற ஆள். "அந்தப் பல்லப் பாத்தியா மா? கடிச்சா கை மிஞ்சாது" என்பார். ஆனால் குதிரை வெயிலில் நின்று மதிலை நக்குவதைப் பார்த்துக்கொண்டு அவரால் சும்மா இருக்க முடியவில்லை.

பின்கேட்டைத் திறந்து, பிளாஸ்டிக் பேசினில் தண்ணீர் நிரப்பி, எட்ட நின்று, கூட்டுகிற தும்புத்தடியால் தள்ளுவார். "யேசுவே, யேசுவே" என்றபடி. பாதித் தண்ணீர் வழியிலேயே சிந்திவிடும். திரும்ப நிரப்பி, திரும்பத் தள்ளுவார். நான் வயிறு நோகச் சிரித்திருக்கிறேன்.

ஓனரோடு ஓயாத சண்டை. குளம்பு வளர்ந்து வெடித்திருக்கிறதே என்று கேட்டால், "நிக்குதுதானே அக்கா." விலா எலும்பு தெரிகிறதே என்றால் அதற்கும், "நிக்குதுதானே."

குதிரை கடும் நோய் வருத்தத்திலும் நின்றுகொண்டிருக்கும், நின்றபடியே தூங்கும் என்று ஒரு மிருக வைத்தியர் அக்காவுக்குச் சொல்லியிருந்தார். அதற்குப் பிறகு அந்த "நிக்குதுதானே"யைக் கேட்டாலே அவருக்கு நடுக்கம்.

"விழுந்தாத்தான் இவனுக்கு வெளங்கும் மா. ஆனா அது விழுற அன்னிக்கு எல்லாம் முடிஞ்சிரும்."

என் சித்தியின் மகனுடைய கலியாணத்துக்கு வந்ததும் அதே குதிரைதான். வெள்ளவத்தையில் கலியாண ஹோல் வாசல், உச்சி வெயில், மேளம், பட்டாசு... குதிரையின் கண்ணில் வெள்ளை மட்டும்தான் தெரிந்தது. அவ்வளவு பயம் அதற்கு.

எங்கள் வீட்டுப் பெண்களுக்கு அது சுவாமி வாகனம். தொட்டுக் கும்பிட்டார்கள். கலியாண வீட்டுக்கு வந்த ஜீவனை வெறும் வயிற்றோடு அனுப்பக் கூடாது என்று ஆளுக்காள் லட்டு, பயற்றம் பணியாரம், வாழைப்பழம் என்று ஊட்டினார்கள்.

கலியாணத்துக்கு வந்திருந்த அக்கா பட்டுச்சேலையோடு குறுக்கே பாய்ந்தார். "குடுக்காதீங்க! குதிரைக்கு வாந்தி எடுக்க வராது! உள்ள போனா போனதுதான்!"

பெரியம்மாவுக்கு வந்ததே கோபம். "ஆரடி உவ? நல்ல நாளில வந்து வாந்தி எண்டு கத்துறா!"

பின்னேரம் குதிரை முன்காலால் நிலத்தைப் பிறாண்டத் தொடங்கியது. திரும்பித் திரும்பித் தன் வயிற்றையே பார்த்தது. ஓனர் என்ன சொல்லியிருப்பார் என்று உங்களுக்கே தெரியும். அக்காதான் மிருக வைத்தியரைக் கூப்பிட்டார். ஊசி போட்டு, மூக்கால் குழாய் விட்டு... ஒருமாதிரிப் பிழைத்தது. இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் தப்பியிராது என்றார் டொக்டர்.

போன கிழமை ஆஸ்பத்திரியில் அக்காவைப் பார்த்தேன். ஒக்சிஜன் மாஸ்க்கை இழுத்துவிட்டுக் கதைத்தார்.

"பின்கால் வீங்கியிருக்கு மா. கால ஊனுதில்ல. அந்தக் காலோடயே கலியாணத்துக்கு இழுத்துட்டுப் போயிருவான். எனக்குப் பயமா இருக்கு."

"ஒண்டும் நடக்காது அக்கா. நீங்கள் முதல்ல சுகமாகி வாங்கோ" என்றேன். வேறென்ன சொல்ல?

இப்போது அவர் வீட்டில்தான் இருக்கிறேன். முற்றத்துக் கதிரைகள் எல்லாம் அந்த ஓனருடையவை. யாரும் கேட்காமலே கொண்டுவந்து போட்டாராம். கண் கலங்கித்தான் நிற்கிறார் மனிதன். அதற்குக் குறையில்லை.

பின்கேட்டைத் திறந்து பார்த்தேன். பேசின் காய்ந்து கிடந்தது. குதிரை தலையைத் தொங்கப் போட்டிருந்தது. ஒரு பின்காலின் நுனி மட்டும் நிலத்தில் பட்டது. முழங்காலுக்குக் கீழே வீக்கம். கிட்டப் போக எனக்கு உடம்பெல்லாம் கூசியது. பேசினை நிரப்பிவிட்டு ஓடி வந்துவிட்டேன்.

ஓனரிடம் கேட்டேன்.

"ஞாயித்துக்கெழம நுகேகொடையில கலியாணம். புக்கிங் எடுத்திட்டேன் மிஸ்."

"அந்தக் காலோடயா? மாப்பிள்ளை ஏறி இருக்க, பட்டாசு வெடிக்க, நடுரோட்டில விழுந்தா என்ன செய்வீங்கள்?"

ஒரு கதிரையை மடித்து மதிலில் சாத்தினார். பிறகு, "டொக்டர் வேணாம்னு சொன்னா அனுப்பல மிஸ்" என்றார். அந்த வாயில் இருந்து இவ்வளவும் வந்ததே பெரிய காரியம். நாளை மனம் மாறிவிடுவாரோ என்று உள்ளுக்குள் பதறுகிறது.

நுகேகொடைக் கலியாண வீட்டார் யாரென்று எனக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் இந்தப் பதிவை அவர்களுக்குக் காட்டுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்... மாப்பிள்ளை காரில் வரட்டும். மற்றவர்களும், குதிரை புக் பண்ண முதல் அது நிற்கிற இடத்தை ஒருதரம் போய்ப் பாருங்கள். நிழல் இருக்கிறதா, தண்ணீர் இருக்கிறதா, நான்கு காலையும் ஊன்றுகிறதா என்று.

மிருக டொக்டருக்குப் போன் எடுத்தேன். நாளைப் பின்னேரம்தான் வர முடியுமாம். அக்காவின் பெட்டியை எடுக்கிற அதே நேரம்.

ஓனர் அப்போது அக்காவை அடக்கம் செய்கிற சேமக்காலையில் கூடாரம் அடித்துக்கொண்டிருப்பார். டொக்டர் காலைத் தூக்கிப் பார்க்கும்போது குதிரையின் தலைக்கயிற்றை யாராவது பிடிக்க வேண்டும். ஊர் முழுக்க அக்காவோடு போகும். மிச்சம் நான்தான்.

டொரின் அக்கா... நாளைக்கு நான் சேமக்காலைக்கு வரமாட்டேன். நீங்கள் போயிட்டு வாங்கோ.