அவர் மேலே வரும்வரை

ஆடிக்காற்று ஓய்ந்திருந்த சமயம். என் கணவர் இறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. முத்தையாபுரம் தாண்டி, துறைமுகத்துக் கப்பல்கள் தூரத்தில் தெரிகிற ஒரு கடற்கரையில் நடந்தது இது.

என் கணவர் கடலில் முங்கிச் சங்கு எடுப்பவர். கல்யாணமான புதிதில், கெஞ்சிக் கூத்தாடி ஒருநாள் அவரோடு வள்ளத்தில் போனேன். அவர் மூச்சை இழுத்துக்கொண்டு தண்ணீருக்குள் போனதும், என்னை அறியாமல் நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அவர் தலை வெளியே தெரிந்த பிறகுதான் விட்டேன். முகம் சிவந்து கண்ணில் நீர் முட்ட உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து, “ஏளா, முங்குனது நானா நீயா?” என்று எல்லார் முன்னாலும் சிரித்தார். எனக்கு மானமே போயிற்று.

ஆனால் அதுவே வழக்கமாகிவிட்டது. அவர் கடலில் இருக்கும் நேரம், அரிசி களைந்துகொண்டிருப்பேன், சட்டென்று மூச்சைப் பிடிப்பேன். நான் பிடித்தால் அவர் பத்திரமாக மேலே வருவார் என்று ஒரு கிறுக்கு நம்பிக்கை. அத்தனை வருடமும் வந்தார். கடல் திருப்பித் திருப்பிக் கொடுத்த மனுஷனை, ஒரு மத்தியானம் சாப்பிட்டுப் படுத்திருந்தபோது நெஞ்சுவலி கொண்டுபோய்விட்டது. கோபப்படுவதற்குக்கூட எனக்குக் கடல் கிடைக்கவில்லை.

அதன்பின் எனக்கு அடிக்கடி மூச்சடைத்தது. எக்ஸ்ரே, ஈசிஜி எல்லாம் பார்த்து, நெஞ்சில் ஒன்றுமில்லை என்று டாக்டர் ஒரு மனநல ஆலோசகரிடம் அனுப்பினார். என்னைவிட வயதில் சின்னப் பெண். எனக்கென்ன பைத்தியமா என்று முறுக்கிக்கொண்டுதான் முதலில் போனேன். என்னைப்போல் வீட்டில் ஆளைப் பறிகொடுத்த சிலரை அவர் காலையில் கடற்கரைக்குக் கூட்டிப்போவார். இலங்கையில் ஒரு புத்த விகாரையில் தங்கித் தியானம் கற்றுக்கொண்டாராம். அலையைப் பார்த்து உட்கார்ந்து, மூச்சு வருவதையும் போவதையும் சும்மா கவனிக்க வேண்டும். பிடிக்கவும் கூடாது, விரட்டவும் கூடாது.

“நான் மாதா கோயிலுக்குப் போறவ. இது எனக்கு ஆகுமா?” என்று கேட்டேன்.

“மாதாவும் மூச்சு விட்டவங்கதானக்கா” என்றார்.

உட்கார்ந்தேன். வற்றம் என்பதால் கடல் உள்வாங்கியிருந்தது. ஈர மணலில் சின்னக் குருவிகள் அலை போகும்போது பின்னாலேயே ஓடி எதையோ கொத்தின. மூச்சை உள்ளே இழுத்தேன். அவ்வளவுதான், நின்றுவிட்டது. காது அடைத்தது.

அந்தப் பெண் பக்கத்தில் வந்து குனிந்தார். “இழுத்தீங்க, விடலையே அக்கா. என்ன பண்ணுதீங்க?”

யோசிக்காமல் என் வாயிலிருந்து வந்தது: “அவுக இன்னும் மேல வரல்லையே.”

சொன்ன பிறகுதான் எனக்கே விளங்கியது. அத்தனை மாதமும் நான் அவருக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறேன். விட்டால், அவர் வரவே மாட்டார் என்று நானே ஒத்துக்கொண்டதாகிவிடும். அந்தப் பெண் என் முதுகில் கை வைத்துக் கடலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அடக்க முடியாத ஒரு நொடியில் மூச்சு தானாக வெளியே வந்தது. கூடவே, அவரை அடக்கம் செய்த அன்றுகூட அழாத அழுகையும் வந்தது.

மூச்சடைப்பு இப்போது குறைந்துவிட்டது. அவரை மட்டும் மனசு தேடிக்கொண்டேதான் இருக்கிறது. மூச்சு விட்டுக்கொண்டே தேடலாம் என்பதுதான் அந்தக் காலை எனக்குத் தந்தது.