கமர் நிஷாவின் சைகோன் கப்பல்

கமர் நிஷாவை விதவை என்று சொல்லிவிட்டுக் காரைக்காலில் யாரும் தப்பித்துவிட முடியாது. வீட்டுக்காரர் முகம்மது இப்ராஹிம் சைகோனுக்குச் சபர் போய் ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது; ஒரு தகவலும் இல்லை. தெருப் பெண்கள் எத்தனையோ தடவை வந்து, "மௌத்தாயிருப்பாங்க புள்ள, இத்தா இருந்து முடிச்சுடு" என்றார்கள். புருஷன் இறந்தால் பெண்சாதி வெளியே போகாமல் வீட்டோடு இருக்கும் துக்கக் காலம் அது. அவள் இருக்கவில்லை. "வர்ற வழிய அடைச்சுப் போட்டுட்டு மனுஷன் வரலைன்னா எப்படி?" என்று சண்டைக்கு வருவாள்.

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பிரெஞ்சுக்காரன் காலத்தில் அரசலாற்றங்கரை என்ன ஆட்டம் போட்டது! கப்பல் கடலில் நிற்கும். ஆற்றிலிருந்து படகுகள் ஆளையும் அரிசியையும் ஏற்றிப் போகும். பீங்கானும் பட்டும் கொண்டுவந்து இறக்கும். கரையெல்லாம் சரக்கு அடுக்கும் கிட்டங்கி. மகள் நபீசா வயிற்றில் இருந்தபோது இப்ராஹிமும் அப்படி ஒரு படகில்தான் ஏறிப் போனார். மறு வருஷமே பிரெஞ்சுக் கொடி இறங்கிவிட்டது. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கப்பலும் நின்றது, முகத்துவாரத்தில் மணல் மேடிட்டது. கிட்டங்கி ஒன்று சிமெண்டுக் கடையானது. இன்னொன்றில் ஆடு கட்டினார்கள். மற்ற சபராளிகள் சென்னை வழியாக, ஏன், விமானம் ஏறிக்கூட வந்து சேர்ந்தார்கள். அதைச் சொன்னால் மட்டும் கமர் நிஷாவுக்குக் காது கேட்காது.

2009இல் வாஞ்சூர்க் கடலோரத்தில் புதுத் துறைமுகம் வந்தது. கப்பல் வருகிறதாம் என்று கேட்டதிலிருந்து கிழவிக்கு இருப்புக் கொள்ளவில்லை. கல்யாணத்துக்குப் போகிறவள் மாதிரி பச்சைப் பட்டு உடுத்தி, அத்தர் பூசிக்கொண்டு ஆட்டோவில் ஏறினாள். நபீசாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. முகமே பார்த்திராத வாப்பா. இருந்தும் கூடப் போனாள்.

துறைமுக வாசலில் காவலாளி மரியாதையாகத்தான் கேட்டான்.

"யாரைப் பாக்கணும்மா?"

"கப்பல்ல வர்றவங்கள."

"ஆளுங்க யாரும் வந்து எறங்க மாட்டாங்கம்மா. நெலக்கரிதான் வருது."

"ஒரு ஆளுகூடவா வராது?"

"இது சரக்குக்கு மட்டுந்தாம்மா. வெயில்ல நிக்காதீங்க, வீட்டுக்குப் போங்க."

வேலிக்கு அந்தப் பக்கம் நிஜமாகவே ஒரு பெரிய கப்பல் நின்றது. கமர் நிஷா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

வீட்டுக்கு வந்ததும் வெள்ளைச் சேலை கேட்டு வாங்கி உடுத்திக்கொண்டாள். கழுத்தில் தாலியாகக் கிடந்த கருகமணியைத் தானே கழற்றி மகள் கையில் வைத்தாள்.

"தெருக்கதவச் சாத்து. நான் இத்தா இருக்கப் போறேன்."

"என்னம்மா இது, இத்தன வருஷம் கழிச்சு? வாப்பா மௌத்தாயிருந்தாலும் அது எப்பவோ நடந்திருக்கும்ல!"

"ஒங்களுக்கெல்லாம் எப்பவோ போய்ட்டாங்கடி. எனக்கு இன்னைக்குத்தான் மௌத்தானாங்க."

இவ்வளவு காலமும் அழாதவள் அப்படியே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். நபீசா எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள்.