நெல் கிடங்கில் ஒப்பாரி

தஞ்சாவூர் கீழவாசல் பக்கம் ஒரு சந்தில், பழைய நெல் கிடங்கின் வாசலில் தையல் மெஷின் போட்டிருப்பவர் விண்ணரசி அக்கா. ஜாக்கெட் தைப்பது தொழில். கிடங்குச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு நாடகக்காரர்களை அதட்டுவது சந்தோஷம்.

கிடங்கு அவருடைய அண்ணன் ரெமிஜியஸுக்குச் சொந்தம். அவர் திருச்சியில் இருப்பதால் பொறுப்பு அக்காவிடம். ஏசுவின் பாடுகளை நடிக்கும் பாஸ்கா நாடகக்காரர்கள், தப்பாட்டக் குழு, குடவாசல் பக்கத்திலிருந்து வந்த, எங்கள் குடும்பத்திலேயே முதல் டிகிரி வாங்கிய நான் இருக்கும் நாடகக் குழு, எல்லாருக்கும் ஒத்திகை அங்கேதான். கரண்டு பில்லைப் பங்கு போட்டுக் கட்டினால் போதும். டவுனில் வேறு எந்த ஹாலும் எங்களுக்குக் கட்டுப்படியாகாது.

போன வருஷம் அண்ணன் போன் செய்தார். "இடத்த வித்துடலாம் விண்ணு. பார்க்க ஆளுங்க வருவாங்க, தொறந்து காட்டு."

"காட்டுறேண்ணே," என்றார் அக்கா, ரொம்பப் பணிவாக.

காட்டத்தான் செய்தார். தரகர் சிவசாமி ஆள் கூட்டிவரும் தகவல் பூவம்மாளுக்கும் போய்விடும். எங்கள் நாடகத்தில் பிள்ளையைப் பறிகொடுத்த தாய் வேஷம் பூவம்மாளுக்கு. வந்தவர் வலது காலை உள்ளே வைக்கவும், பூவம்மாள் மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி எடுக்கவும் சரியாக இருக்கும். இடம் பார்க்கப் போகையில் சாவுப்பாட்டு காதில் விழுந்தால் எவன் வாங்குவான்? ஜவுளிக்கடைக்காரர் வாசலோடு திரும்பினார். கோச்சிங் சென்டர்காரர் செருப்பைக்கூட விட்டுவிட்டுப் போனார்.

"ஏம்மா, நான் வர்ற நேரத்துலதான் ஒங்க பிள்ளை சாகணுமா?" என்று பூவம்மாளிடம் கேட்டார் சிவசாமி.

அக்கா ஊசியில் நூல் கோத்தபடியே பதில் சொன்னார். "ஒத்திகைங்க. அதுபாட்டுக்கு நடக்குது."

அடுத்து வந்தவர் இராஜாங்கம். பூவம்மாள் உயிரைக் கொடுத்து அழுதார். மனுஷன் கண்ணை மூடிக்கொண்டு கடைசி வரி வரைக்கும் கேட்டார்.

"நல்ல சகுனம்ங்க. முடிச்சிடலாம்."

அக்காவின் கத்தரிக்கோல் பாதித் துணியில் நின்றது. "என்ன வியாபாரம்ங்க?"

"ஐஸ் பெட்டி வாடகைக்கு விடுறேன். பாடி வைக்கிறது."

தப்பாட்டத் திருமுருகன் அவசரமாகக் கல்யாண அடி அடித்துப் பார்த்தான். இராஜாங்கம் அதற்கும் தலையாட்டி ரசித்தார்.

அக்கா எழுந்து அவரிடம் போனார். "நாலஞ்சு பெட்டிக்கு இவ்வளவு இடம் எதுக்குங்க? பெட்டியும் பாதி நாள் வெளியிலதான் கெடக்கும். முன்பக்கத்த வாடகைக்கு எடுத்துக்குங்க. பின்பக்கம் இவங்க கத்தட்டும். மிச்ச காசுக்கு இன்னும் ரெண்டு பெட்டி வாங்கிப் போடுங்க."

இராஜாங்கம் தாடையைச் சொறிந்தார். "சரி. ஆனா துக்க வீட்டுக்காரங்க வர்றப்ப இவங்க சிரிக்கக் கூடாது."

மாசாமாசம் வாடகை கைக்கு வரவும், அண்ணன் விற்கிற பேச்சை விட்டுவிட்டார்.

இப்போது நாங்கள் போடுவது காமெடி நாடகம். முன்பக்கம் யாராவது கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தால் ஒத்திகை அப்படியே நிற்கும். போன வாரம் அப்படி எல்லாரும் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றோம். ஒரே ஒருவரால்தான் சிரிப்பை அடக்க முடியவில்லை. எங்களோடு உட்கார்ந்து ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்த இராஜாங்கத்தை அக்கா பின்கதவு வழியாக வெளியே தள்ளிவிட்டு, தானே போய்ப் பெட்டியை வாடகைக்கு விட்டார்.